அறுப்பதற்கென்று ஒரு தாலி

என் கழுத்தில் தாலி கிடையாது. என் புருஷன் அறிவு கட்டவில்லை, நான் கேட்கவும் இல்லை. தி.நகரில் ஒரு சின்ன ஹாலில் இரண்டு மாலை, நண்பர்களின் கைத்தட்டல், ஆளுக்கொரு காபி, அத்தோடு கல்யாணம் முடிந்தது. எங்கள் இருவருக்கும் சாமி நம்பிக்கை இல்லை என்பது அடையாறு ஆற்றோரத்தில் உள்ள எங்கள் தெருவுக்கே தெரியும். கூரியர்காரன் வழி கேட்டால், "சாமி இல்லாத வூடா? நேராப் போ" என்பார்கள். ஆடி மாதம் அம்மன் ஊர்வலம் எல்லா வாசலிலும் நிற்கும், எங்கள் வாசலை மட்டும் ஓட்டமாகத் தாண்டும். நான் தையல்காரி. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கக் கொடுப்பார்கள், கல்யாண ஜாக்கெட் என் கைக்கு வராது. அறிவு இதற்கெல்லாம் சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறிவு ஏசி மெக்கானிக். இந்த மாதத் தொடக்கத்தில் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் ஆசைப்பட்டபடி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேன். சாமி இல்லை என்று சொன்ன வாய்க்குக் கிடைத்த கூலி என்று தெரு பேசியது. அடுத்த தெருவில் தினமும் கோயிலுக்குப் போன மனிதரும் இதே நெஞ்சுவலியில்தான் போனார். அவருக்கு எதற்குக் கூலி என்று கேட்டேன்.

பத்தாம் நாள் சாயந்திரம் பாலவாக்கத்திலிருந்து என் மாமியார் தேவானை வந்தார். கையில் தட்டு. அதில் வளையல், மல்லிகைப்பூ, ஒரு மஞ்சள் கயிறு. பின்னால் பக்கத்து வீட்டு மதுமதியும் தெருப் பெண்களும். புருஷன் போனவளுக்குப் பத்தாம் நாள் தாலி அறுக்க வேண்டும். என்னிடம் அறுக்க ஒன்றும் இல்லை. அதனால் முதலில் ஒன்றைக் கட்டிவிட்டுப் பிறகு அறுக்கலாம் என்று மதுமதி யோசனை சொல்லியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். மாமியார்தான் பேசினார்.

"எம்புள்ளைக்குப் பால் ஊத்தக்கூட ஒரு எடம் இல்லாமப் பண்ட்ட. இதுவும் இல்லன்னா நீ அவனுக்கு இன்னா உறவுன்னு ஊரு கேக்கும். பொண்டாட்டின்னு எவளும் சொல்ல மாட்டா. இது நடக்கலன்னா நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைக் குத்தியது. அறிவைப் பற்றி என்னோடு உட்கார்ந்து பேச இனி இவர் ஒருவர்தான் மிச்சம். அவனுடைய முகவாய் அப்படியே இவருக்கு. இவரையும் இழக்க எனக்கு மனசில்லை.

"சரி, யாரு கட்டப்போறது?" என்றேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். புருஷன் இருப்பவர்கள் அந்தக் கயிற்றைத் தொட்டால் அவர்கள் தாலிக்கு ஆபத்தாம். மதுமதி கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். புருஷன் இல்லாதவர்கள் தாலியைத் தொடவே கூடாதாம். ஆம்பிளை யாராவது கட்டினால் அது கல்யாணமாகிவிடும். சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கட்டலாமே என்றாள் ஒருத்தி. என் வீட்டில் சாமி படத்துக்கு எங்கே போவது? அவர்கள் போட்ட சட்டத்தில் அவர்களே முழித்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் மாமியாரே கயிற்றை எடுத்தார். தானே கட்டுவதாகவும், புருஷனும் பிள்ளையும் போன பிறகு இனி தன்னிடமிருந்து போக எதுவும் இல்லை என்றும் சொன்னார். கை என் கழுத்தருகே வந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கட்டு அத்தே. ஆனா கட்டிட்டா நான் அறுக்க விட மாட்டேன். அவன் உசுரோட கீறப்போ ஏறாத கவுறு, அவன் செத்துட்டான்னு காட்டவா ஏறணும்? நான் பொட்டும் வைப்பேன், பூவும் வைப்பேன். எவ ஒத்துக்கினாலும் ஒத்துக்காட்டியும் நான்தான் அறிவு பொண்டாட்டி."

கயிறு தட்டில் விழுந்தது. பக்கத்திலிருந்த மல்லிகையை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் என் தலையில் வைத்துக்கொண்டேன். பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர்களும் போயிட்டு வாங்க என்று சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவு வரும் என்று பயம். ஒவ்வொருத்தியும் வாயை இறுக்கிக்கொண்டு செருப்பைத் தேடினாள். நான் வாசலில் போய் நின்றேன். ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போயிட்டு வா, போயிட்டு வா என்று உரக்கச் சொன்னேன். மதுமதி காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

கடைசியாக மாமியார் வந்தார். என்னைப் பார்க்காமல் படி இறங்கினார். இருந்தாலும் நான் விடவில்லை.

"போய்ட்டு வா அத்தே."

தெருமுனை வரை போயிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் கடைசிப் படியில் நின்றார். திரும்பினார். என் தலையிலிருந்த பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வரேன்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.