மூன்று வருத்தம், கடைசி விலை

கீமோ ஏற்றும் வார்டில் நான்காம் நாற்காலி துணிக்கடைக்காரருடையது. நாற்பத்தைந்து வருஷ ஜவுளி வியாபாரம். இப்போது வயிற்றில் புற்றுநோய். ஆனாலும் வாய் மட்டும் கடையைச் சாத்தவில்லை. நர்ஸ் இரண்டு ஊசி என்றால் ஒன்றுக்கு இறக்கப் பார்ப்பார். டாக்டர் ஆறு மாதம் என்றபோது, "ஒரு வருஷமாப் போட்டுக் குடுங்க டாக்டர், பழைய வாடிக்கை" என்றவர்.

செவ்வாய்தோறும் கதைக்காரம்மா வருவார். ஓய்வுபெற்ற நர்ஸ். நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வாழ்ந்த கதையைச் சொல்லச் சொல்லி நோட்டில் எழுதி, மனசில் கிடக்கும் பாரத்தை இறக்கி வைப்பது அவர் வேலை.

அன்று துணிக்கடைக்காரரின் மனைவி மாத்திரை வாங்கப் போயிருந்தார்.

"இன்னிக்கு வருத்தங்கள், ஐயா. ஏன்தான் செஞ்சோமோன்னு தோணுறது எத்தனை?"

"ஒண்ணுமில்ல."

"பத்தாச்சும் இருக்கும்."

"பத்தா! என்னைப் பார்த்தா அவ்வளவு கெட்டவனாவா தெரியுது? ஒண்ணு வச்சுக்கங்க."

"ஏழு."

"ரெண்டு."

"அஞ்சுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"மூணு. கடைசி விலை. இல்லன்னா அடுத்த நாற்காலிக்குப் போங்க."

முதலாவது, சாயம் போகாது என்று சத்தியம் பண்ணி விற்ற சிவப்புத் துணி. இரண்டாவது, தம்பி கல்யாணத்தில் சமையல்காரரோடு போட்ட சண்டை. மூன்றாவதுக்கு வந்ததும் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொள்முதலுக்குப் போன இடத்துல சரக்கு பிடிச்சுப்போனா, விலையை இறக்க நாங்க முதல்ல குறைதான் சொல்வோம். ஆகா ஓகோன்னு புகழுறவன் வாங்க மாட்டான், கையை வீசிட்டுப் போயிடுவான். கல்யாணமான புதுசுல இவ ஒரு பாட்டு பாடினா. எனக்கு உசிரே ஆடிப்போச்சு. பழக்கதோஷம், 'நடுவுல பிசிறடிக்குதே'ன்னேன். அன்னிக்கு மூடின வாய்தான். நாப்பது வருஷமா ஒரு பாட்டு என் காதுல விழல. போறதுக்குள்ள அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கணும். அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"இப்ப சொன்ன மாதிரியே" என்று கண்ணைக் காட்டினார் கதைக்காரம்மா. மாத்திரைப் பையோடு மனைவி திரையோரம் நின்றிருந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கற?"

"சாயம் போன துணியிலேர்ந்து."

துணிக்கடைக்காரர் போர்வை நுனியைத் தரம் பார்ப்பதுபோல் விரலால் தேய்த்தார். "அது... அன்னிக்கு சொன்னது பொய்ம்மா. மன்னிச்சுடு."

"நீங்க கடைக்குப் போனதும் தினமும் பாடுவேன். பக்கத்து வீட்ல வேலையை நிறுத்திட்டுக் கேப்பாங்க. உங்களுக்கு மட்டும்தான் கதவடைப்பு."

"நாப்பது வருஷமாவா?"

"ஞாயித்துக்கிழமை லீவு."

"அடிப்பாவி! ஒண்ணே ஒண்ணு பாடேன். இப்பவே."

மனைவி சுற்றிலும் பார்த்தார். மற்ற நாற்காலிகள் கண்ணை மூடி, காதைத் தீட்டி வைத்திருந்தன. பையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லப் பாடினார். வயசான குரல், நடுவில் ஓரிடத்தில் உடைந்து, மறுபடி சேர்ந்துகொண்டது. ஊசி ஏறாத கையால் துணிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்தார்.

"எப்படி?"

"ஆகா, ஓகோ! ஒரு குறை இல்ல."

மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நீங்க வாங்கறவர் இல்ல. கையை வீசிட்டுப் போறவர்."

"இரு, இரு!" கையை எட்டிப் பிடித்தார். "நடுவுல கொஞ்சம் பிசிறடிச்சுது. இன்னொரு தடவை பாடு, பார்க்கலாம்."

மனைவி உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். மூன்றாம் நாற்காலிக்காரர் தூங்குவதுபோல் நடிப்பதை விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.