பிரின்ஸ் ஊருக்கு வந்த கதை

நாயோடு ரயிலேறி ஊருக்கு வந்தவர்கள் என்று ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அதுவரை யாரும் இல்லை. நிரஞ்சலாதான் முதல். கொழும்பில் லீலாதேவி மேடம் வீட்டில் சமையல், துப்புரவு, நாய் என்று எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். மகன் மதுரனைப் பார்க்கக் கனடாவுக்குப் புறப்பட்ட மேடம், "வீட்டை விட்டு அசையக் கூடாது, பிரின்ஸைக் கவனமாப் பார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் ஊரில் மாரியம்மன் திருவிழா. அப்பா முருகையா இந்த முறை தீ மிதிக்கிறார். காப்புக் கட்டுவதற்கு முன்னால் போய் முகத்தைக் காட்டிவிட்டு, மேடம் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாகத்தான் அதற்கு நினைப்பு.

பிரின்ஸ் குட்டியாக வந்த நாள் முதல் அவள் கையால் சாப்பிட்ட நாய். மேடம் வைத்தால் மோந்து பார்த்துவிட்டு அவளைத் தேடும். ரயிலில் அதைக் கார்ட் பெட்டியில்தான் கட்ட வேண்டும் என்றார்கள். கார்டிடம் கெஞ்சி, அவளும் அங்கேயே ஒரு பழப்பெட்டி மேல் உட்கார்ந்து வந்தாள். அப்புத்தளையில் வடை வாங்க இறங்கியபோது, அவள் திரும்பி வரும்வரை குரைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது.

"மனுசனுக்கே எடமில்லாத லயத்து வீட்டுல, கன்னுக்குட்டி கணக்கா ஒண்ணக் கூட்டியாந்திருக்கியே!" என்று அம்மா தனலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையாலேயே அதற்குச் சாக்கும் விரித்துப் போட்டாள்.

வினை வந்தது திரும்பிப் போக வேண்டிய நாளில். மறுநாள் காலை மேடம் வந்து இறங்குகிறார். புறப்படும் அன்று மாலைதான் காப்புக் கட்டு. நிரஞ்சலா பையைத் தூக்கித் தோளில் போட்ட நேரம், கோயிலில் தப்பு முழங்கத் தொடங்கியது. காரின் ஹோர்ன் சத்தம் தவிர வேறெதுவும் கேட்டறியாத பிரின்ஸ், பட்டியை உருவிக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்தது.

காப்புக் கட்டும் நேரத்தில் தோட்டத்துக்குள் இருப்பவர்கள், திருவிழா முடிந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றும் வரை எல்லை தாண்டக் கூடாது. தீ மிதிப்பவரின் வீட்டில் யாராவது தாண்டினால் அக்கினி அவரைச் சும்மா விடாது. முன்பு ஒரு தடவை கணபதியின் கால் வெந்ததற்கு, அவர் மகன் பண்டாரவளைக்குப் படம் பார்க்கப் போனதுதான் காரணம் என்று இன்றைக்கும் பேச்சு. உண்மையோ பொய்யோ, அதைப் பெற்ற அப்பாவின் காலில் வைத்தா சோதித்துப் பார்ப்பது?

தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டு மலை மலையாக அலைந்தாள். கவ்வாத்து வெட்டிய மலையில், மொட்டைத் தேயிலைக்கு நடுவே ஓடிய தண்ணீர்க் கானுக்குள் பிரின்ஸ் நடுங்கிக்கொண்டு கிடந்தது. காலில் சிராய்ப்பு. கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். தூக்கிக்கொண்டு இறங்கி வந்தபோது, கோயில் வாசலில் அப்பா கையை நீட்டிக்கொண்டிருந்தார். பூசாரி மஞ்சள் கயிற்றின் கடைசி முடிச்சை இறுக்கினார்.

காலையில் போன் வந்தது.

"எங்கயடி நிக்கிறாய்? வீடு பூட்டிக் கிடக்கு. பிரின்ஸ் எங்க?"

"ஊருக்கு வந்தேன் மேடம். பிரின்ஸ் எங்கூடத்தான் இருக்கு, நல்லா இருக்கு. இங்க காப்புக் கட்டிட்டாங்க. திருவிழா முடிஞ்சதும் ஓடி வந்துர்றேன் மேடம்..."

"நீ உன்ர சாமியோட இரு. நாயைக் கூட்டிவர ஸரூக்கை அனுப்புறன். நீ இனி வரத் தேவையில்லை."

மேடத்தையும் குறை சொல்ல முடியாது. நாயைக் காணாமல் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றவருக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்? ஆனாலும் நிரஞ்சலாவுக்கு வலித்தது. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். பிரின்ஸை எங்கே போய்த் தேடுவது?

பின்னேரம் கார் வந்தது. டிரைவர் ஸரூக் சங்கிலியைப் பிடித்து இழுத்தார், தள்ளினார், பிஸ்கட் காட்டினார். பிரின்ஸ் நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு உறுமியது.

"நீங்க ஏறினாத்தான் ஏறும் போல, தங்கச்சி" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அம்மா ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து முன்சீட்டில் வைத்தாள். "வழியில பசிச்சா அதுக்குக் குடுங்க தம்பி. காப்புக் கட்டின வீடு, கருவாடெல்லாம் இல்ல. பருப்புச் சோறுதான். அவ கையால பெசஞ்சது."

நிரஞ்சலா காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான், வீட்டுக்குப் போகிறோம் என்ற குதூகலத்தில் பிரின்ஸ் ஒரே தாவாகத் தாவி ஏறி, அவள் மடியில் தலையை வைத்தது. காதைத் தடவிக்கொடுத்தாள். அது கண்ணை மூடிய நேரம், தலையை மெல்ல இருக்கையில் இறக்கி வைத்துவிட்டு, மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கிச் சாத்தினாள். பாவி நான், பாவி நான் என்று மனம் அடித்துக்கொண்டது.

கார் வளைவில் இறங்கியது. பின் கண்ணாடியில் பிரின்ஸின் முகம் தெரிந்தது. குரைக்கவில்லை. அப்புத்தளையில் அவள் வடை வாங்க இறங்கியபோதும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது அவள் திரும்பி வந்தாள்.