எடை ஒன்று, உருவம் இரண்டு

மான்செஸ்டர் ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் ஹெஸ்டர் ஆல்ட்ரெட் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். பதினாறு வருஷத்தில் ஒரு முடிவைக்கூட அவள் திரும்ப வாங்கியதில்லை. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. இருந்தால் என்ன, வேலை சுத்தம்.

செவ்வாய்க்கிழமை காலை குழந்தைகள் வார்டிலிருந்து டாக்டர் லோமக்ஸ் போன் செய்தார். இரண்டு மாதக் குழந்தைக்கு வலிப்பு நிற்கவில்லையாம், ரத்தத்தில் கால்சியம் அதலபாதாளத்தில் கிடக்கிறதாம். வைட்டமின் டி குறைவென்றால் எல்லாம் பொருந்தும். ஆனால் ஹெஸ்டர் அனுப்பிய தாளில் ஐம்பத்தெட்டு என்று இருக்கிறதே, அது போதுமான அளவாயிற்றே, அதனால் வேறு நோயைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

ஹெஸ்டர் பதிவைத் திறந்தாள். குழந்தையின் ரத்தம் பெரியவர்கள் வரிசையில் ஓடியிருந்தது. அந்தக் கருவி எடையை மட்டும்தான் பார்க்கும். வைட்டமின் டிக்கு அச்சு அசலாக அதே எடையில் உதவாக்கரை இரட்டை ஒன்று உண்டு. பெரியவர்களிடம் அது பேருக்குத்தான் இருக்கும். பச்சைக் குழந்தைகளிடம் எக்கச்சக்கம். அதனால்தான் ஒரு வயதுக்குள் என்றால் தனி வழி. பிறந்த தேதியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது அவளேதான்.

மாடியிலிருக்கும் புதுக் கருவி, எடை போடுமுன் மூலக்கூறுகளுக்கு மின்னேற்றி வாயு நிரம்பிய குழாயில் விரட்டும். சுருண்டு கிடப்பவை சட்டென்று கடந்துவிடும். கைகால் நீட்டியவை வாயுவில் முட்டி மோதிப் பின்தங்கும். சோடியம் ஒட்டிய நல்ல வைட்டமினில் ஒரு பங்கு அப்படி நீட்டிக்கொள்ளும். இரட்டை நீட்டவே நீட்டாது. ஆக, திரையில் பின்னால் எழுகிற மேடு முழுக்க நல்லதுதான்.

குழந்தையின் ரத்தத்தை ஹெஸ்டர் மாடிக்குக் கொண்டுபோய் ஓட்டியபோது அந்த மேடு சின்னதாக இருந்தது. கருவியைப் பார்த்துக்கொள்ளும் டங்கன், மின்னழுத்தத்தைக் கூட்டினால் பெரிதாகத் தெரியும் என்று கையை நீட்டினான். ஹெஸ்டர் தட்டிவிட்டாள்.

"கூட்டாதடா. சூடேறிச்சுன்னா எல்லாம் உருமாறிப் போயிடும். சின்னதா இருக்கறதுதான் சேதியே."

அளவு தெரிந்த மாதிரிகளோடு சேர்த்து மூன்று முறை ஓட்டினார்கள். மூன்றும் இருபத்துநான்கை ஒட்டியே வந்தன. சந்தேகமில்லாத குறைவு. மேலாளரைக் கேட்டு, பூசி மெழுகி ஒரு கடிதமாக நாளைக்கு அனுப்பலாமே என்றான் டங்கன். நல்ல யோசனைதான், வலிப்பு நாளை வரைக்கும் காத்திருக்குமானால். முடிவு தப்பினால் கையெழுத்துப் போட்டவரே வார்டுக்குப் பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஹெஸ்டருக்கு அது முதல் தடவை. வெட்கம் பிடுங்கித் தின்றது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"டாக்டர், நான் குடுத்த அம்பத்தெட்டு தப்பு. இருபத்துநாலுதான். வயசப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான். வைட்டமின ஆரம்பிங்க."

"நிச்சயமாத்தானே சொல்றீங்க?"

"மூணு தடவ பாத்தாச்சு. எழுதிக்கோங்க."

லோமக்ஸ் நர்ஸை அழைத்து மருந்துக்குச் சொல்வது கேட்டது. பிறகு தணிந்த குரலில் பேசினார்.

"குழந்தையோட அம்மா முதல் நாளே சொன்னாங்க, வைட்டமின் சொட்டு மருந்து ஒண்ணுமே குடுக்கலன்னு. தாள்ல அம்பத்தெட்டு இருக்கே, நீங்கதான் குடுத்துட்டு மறந்திருப்பீங்கன்னு நாங்க அவங்க வாய அடைச்சிட்டோம்."

அந்த அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று ஹெஸ்டர் கேட்டாள். இருக்கிறாள் என்றார் லோமக்ஸ்.

"போன அவங்ககிட்ட குடுங்க."