கடற்கரையில் ஒலித்த மூச்சு

அரியலூரை அடுத்து, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டியிருந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் சத்யா அறிவியல் ஆசிரியை. பசுமைப் படையும் அவள் பொறுப்புதான். தரங்கம்பாடிக்கு அருகே, கடற்கரையில் நடந்த சுற்றுச்சூழல் ஆசிரியர்கள் கூடலில் பேச அவளை அழைத்தார்கள். தலைமையாசிரியர் அதைக் காலை வழிபாட்டில் அறிவித்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

என்ன பேசுவது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. ஒன்பதாம் வகுப்பு சிவரஞ்சனிக்கு இரண்டு வருடமாக இழுப்பு. சிமெண்ட் ஆலைத் தூசு கூரையில் மாவாகப் படிகிற தெருவில் அவள் வீடு. ஒருநாள் வகுப்பிலேயே மூச்சு முட்டி அவள் சாய்ந்துவிட்டாள். டாக்டரிடம் போட்டுக் காட்டலாம் என்று அந்த மூச்சுச் சத்தத்தைச் சத்யா செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தாள்.

அதே பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியர் வேணுகோபாலும் உடன் வந்தார். அரங்கில் நுழைந்ததும் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரைப் பார்த்துச் சத்யா நின்றுவிட்டாள். கூடலுக்கான செலவை ஏற்றிருந்தது அந்தச் சிமெண்ட் ஆலையின் அறக்கட்டளை.

“சார், பாத்தீங்களா?”

“பாத்தேன். சாப்பாடு, ரூம் எல்லாம் அவங்க செலவுதான்” என்றார் வேணுகோபால். “நம்ம பக்கம் முன்னாடி கடலா இருந்துச்சு, நிலத்தத் தோண்டினா சிப்பி வருதுன்னு பேசிட்டு எறங்கிடுங்க டீச்சர். எல்லாரும் ஆன்னு கேப்பாங்க.”

கூடலை நடத்திய பரணிதரனும் கைகூப்பி அதையேதான் கேட்டுக்கொண்டார். “உங்க கஷ்டம் புரியுது மேடம். ஆனா இது அதுக்கான எடம் இல்ல.”

சத்யா தலையாட்டினாள். சிப்பியைப் பற்றியே பேசிவிட்டுப் போவது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவளுக்கு முன்பு ஒருவர் ஆமைப் படம் போட்டார். பிளாஸ்டிக் பையை விழுங்கிய ஆமை ஒன்று மணலில் வாயைத் திறந்து திறந்து மூடியது. முன்வரிசை ஆசிரியைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பரணிதரனே கண்ணாடியைக் கழற்றினார். ஆமைக்கு அழுகிறவர்களைப் பார்த்துச் சத்யாவுக்கு ஆத்திரம் வந்தது.

மேடை ஏறியவள் செல்போனிலிருந்த பதிவைப் போட்டு மைக் அருகே பிடித்தாள். விசில் போல இழுத்து இழுத்து ஒரு மூச்சு, அரங்கம் முழுக்கக் கேட்டது.

“இது ஆமை இல்ல. என் மாணவி. பேரு சிவரஞ்சனி. அவ அப்பா அய்யம்பெருமாள் இந்த பேனர்ல இருக்குற ஆலையிலதான் கான்ட்ராக்ட் வேல பாக்குறாரு. அந்தத் தூசுதான் இவ நெஞ்சுல இருக்கு.”

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டில் அவள் மேசையில் ஒருவரும் வந்து உட்காரவில்லை. அப்போதுகூட அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் வேணுகோபால், “பேர எதுக்கு டீச்சர் சொன்னீங்க?” என்றார்.

“பேர் சொல்லலன்னா கதை வுடுறான்னு நெனப்பாங்க சார்.”

“உங்களுக்கு கவர்மென்ட் சம்பளம். ஒருத்தரும் கை வைக்க முடியாது. அவனுக்கு?”

கேட்டிருந்தால் அய்யம்பெருமாள் என்ன சொல்லியிருப்பார் என்பதை அப்போதுதான் யோசித்தாள். சிவரஞ்சனியிடமும் அவள் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் அய்யம்பெருமாள் பள்ளிக்கு வந்தார். வகுப்புக்குள் வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றார்.

“கேட்டுலயே நிறுத்திட்டாங்க டீச்சர். நாளையிலேருந்து வராதேங்கிறான் கான்ட்ராக்டர். எம் பொழப்புல ஏன் மண்ண அள்ளிப் போட்டீங்க?”

“சிவரஞ்சனிக்காகத்தாங்க பேசினேன்...”

“அவளுக்கு மருந்து வாங்குறது யாரு? நீங்களா?”

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “ஆபீஸ்ல ஒரு வழி சொன்னாங்க. நீங்க வந்து பேசினா பழையபடி சேத்துக்குறாங்களாம்.”

மறுநாள் அவருடன் ஆலை அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். டீ வரவழைத்தார். குளிரூட்டிய அந்த அறையில் ஒரு பொட்டுத் தூசு இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர் மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தார். அய்யம்பெருமாள் சுவரோரம் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோ எடுக்க அதிகாரி நீட்டிய செல்போனைப் பார்த்துச் சத்யா சொன்னாள்: “அந்த மாணவிக்கு இழுப்பு பரம்பரையா வந்தது. உணர்ச்சிவசப்பட்டு நான் தவறா பேசிட்டேன்.”

“கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா நல்லா இருக்கும் மேடம்” என்றார் அதிகாரி. அவள் மறுபடி சொன்னாள்.

மாலைக்குள் அந்த வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. அய்யம்பெருமாளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. முன்பிருந்த இடத்தில் இல்லை, தூசு இன்னும் அதிகமான, சிமெண்ட் மூட்டை பிடிக்கும் பகுதியில்.

சிவரஞ்சனி அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் அய்யம்பெருமாள்தான் வந்தார், மாற்றுச் சான்றிதழ் கேட்டு. புருவத்திலும் காது மடலிலும் சிமெண்ட் தூசு அப்பியிருந்தது.

“ஆண்டிமடத்துல அவ சித்தி வூடு. முந்திரிக்காட்டுப் பக்கம். அங்க காத்து நல்லாருக்கும்னு அனுப்பிட்டேன்.”

தூசுதான் காரணம் என்பது அவருக்கும் முன்பே தெரிந்துதான் இருந்திருக்கிறது என்று சத்யாவுக்குப் புரிந்தது.

“ஒருதரம் போயி அவளப் பாத்துட்டு வரட்டுங்களா?”

அவர் கேட்டைத் தாண்டிப் போய் நின்றார். “வாணாம் டீச்சர். பரம்பரையா வந்துச்சுன்னு சொன்னீங்கள்ல? எங்கிட்டேருந்துதான் வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு எங்கூடயே அவ பேச மாட்டேங்குறா.”