தண்ணீரைப் பத்திரப்படுத்திய லிடியா

திண்டுக்கல்லில் ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்துவிட்டு மறுதடவை வருவதற்குள், தொட்டிலில் கிடந்த பிள்ளை கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்கும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் கேட்டு ஓய்வு பெற்றவள் நான். கேட்டதை நான்கு மடங்காக்கிச் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஆனால் 2003-இல் என் வீட்டு மாடியில் குடியிருந்த லிடியாவின் கதையில் அதிகம் கூட்டவில்லை.

லிடியா விலங்கியல் பட்டம் வாங்கியவள். அப்பா, அம்மா, தம்பி மூவரும் முன்னால் அமெரிக்காவுக்குப் போய்விட, இவளுடைய விசா மட்டும் எந்த மேசையிலோ தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே போய் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் கனவு. அதற்கு மார்க் மட்டும் போதாதாம்; ஏதாவது ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்திருக்கவும் வேண்டுமாம். அங்கேயே இருக்கும் அவள் சித்தப்பா போனில் சொன்னார். மாடியில் போன் கிடையாது, எல்லா அழைப்பும் என் வீட்டுக்குத்தான் வரும். கேட்காதே என்றால் என் காது கேட்குமா?

மதுரைக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறி ஏறி, கண்டக்டர்களெல்லாம் அவளுக்குத் தாய்மாமன்கள் ஆகிவிட்டார்கள். வேலைதான் கிடைக்கவில்லை.

"லேப்ல அனுபவம் இருக்காம்மான்னு கேக்குறாங்க ஆன்ட்டி. இங்க சேந்தாத்தானே சார் கிடைக்கும்னேன். கிடைச்ச பெறகு வாங்கன்னுட்டாங்க."

"அப்ப உலகத்துலயே மொத ஆளு எப்படிடி லேப்புக்குள்ள போனான்? சன்னல் ஏறிக் குதிச்சானா?"

சிரித்தாள். பிறகு மாடிக்குப் போய் ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. நான்கு பேர் புழங்கிய வீட்டில் அந்த ஒற்றைத் தட்டுச் சத்தம் கோயில் மணியை விடப் பெரிதாகக் கேட்டது.

கடைசியில் சின்னாளபட்டி போகிற வழியில் ஒரு கதவு திறந்தது. டாக்டர் மோகன்குமார் என்பவர் அங்கே ஒரு வாடகைக் கட்டடத்தில் கொசு ஆராய்ச்சி செய்துவந்தார். கோயம்புத்தூர்க்காரர்; குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்று நம்புகிற ஜாதி.

"அனுபவம் இல்லாட்டிப் பரவாயில்லீங்க. நாளைக்கு ஒரு நாள் இருந்து பாருங்க. கை சுத்தமா இருந்தா எடுத்துக்கறேன்" என்றாராம்.

மறுநாள் அவர் ஒரு கூட்டத்துக்குப் போக, லிடியா தனியாக இருந்தாள். மேசை நீளத்துக்கும் பீங்கான் தட்டுகள். தட்டு நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறையக் கொசுப்புழு. எங்கள் ஊரில் டிரம்மில் புழு நெளிந்தால் யாரும் தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, புழுவை உதறிவிட்டுத் தண்ணீரை மறுபடி ஊற்றி மூடுவார்கள். லிடியாவின் தலைதான் விலங்கியல் படித்தது. கை திண்டுக்கல்லில் வளர்ந்தது. கை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பதற்றம் வேறு. வெள்ளைத் துணி ஒன்றைத் தேடி எடுத்தாள். அத்தனை தட்டையும் வடிகட்டினாள். புழுவையெல்லாம் வாசலில் வெயிலில் உதறினாள்.

சாயங்காலம் டாக்டர் வந்தார்.

"ஏம்மா, புழுவெல்லாம் எங்கீங்க?"

"வடிகட்டிட்டேன் சார்."

"வடிகட்டி?"

"தண்ணி பத்திரமா இருக்கு சார்! வாளியில மூடி வச்சிருக்கேன்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஆறு மாசமா வளத்தது. புழுவத் தூக்கி எறிஞ்சுபோட்டு, தண்ணியவா வெச்சிருக்கறீங்க?"  அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

வந்து உட்கார்ந்தவளிடம், "கொசுவைக் கொன்னதுக்கு முனிசிபாலிட்டியே உனக்குச் சிலை வைக்கணும்டி" என்றேன். சிரிக்கவில்லை. அப்போது பார்த்துப் போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து அவள் அம்மா; அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"என்னடி, எடுத்துக்கிட்டாங்களா?"

லிடியா என்னைப் பார்த்தாள். "எடுத்துக்கிட்டாங்கம்மா."

"மாதாவே! ஏங்க, பிள்ளைக்குக் கிடைச்சிருச்சுங்க!" அந்தப் பக்கம் மூன்று பேர் கூத்தாடுவது எனக்கே கேட்டது. "வேலைக்கு நேரமாச்சுடி, பெறகு பேசுறேன்." லைன் போய்விட்டது. லிடியா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே செத்த நேரம் நின்றாள். இனி அழுவதற்குக் கூட அவளுக்கு ஆள் இல்லை.

அதன்பின் கீழே இறங்குவதைக் குறைத்துக்கொண்டாள். குழாயில் தண்ணீர் வந்த அன்று மட்டும் வந்து, வடிகட்டி, டிரம்மை நிரப்பித் துணி கட்டினாள். சில நாள் கழித்து மாடியிலிருந்து ஒரு கத்தல். பாம்போ என்று நான் அரிவாள்மணையோடு ஓடினேன்.

"ஆன்ட்டி, புழு! வடிகட்டித்தானே ஊத்துனேன்? துணியும் கட்டியிருந்தேனே?"

டிரம்மின் உள்பக்கம் விரலால் வழித்தாள். மிளகுத்தூள் மாதிரி கருப்பாக ஒட்டியிருந்தது.

"முட்டை! வடிகட்டுனா புழுதான் போகும், முட்டை ஒட்டிக்கிட்டே இருக்கும். டிரம்மை நாம தேய்ச்சதே இல்லையே ஆன்ட்டி!"

"டிரம் தேய்க்கிற தண்ணிக்கு இன்னொரு டிரம் வேணும்டி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் பஸ் ஸ்டாண்டில் இருந்தாள்.

டாக்டர் கோபத்தில் தட்டுகளைக் கழுவாமலே அடுக்கி வைத்திருந்தார். வாளித் தண்ணீரும் அப்படியே இருந்தது. லிடியா எங்கள் டிரம் கதையைச் சொல்லி, கெஞ்சிக் கூத்தாடித் தட்டுகளில் அதை ஊற்றிவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்துப் போனபோது தட்டெல்லாம் பொடிப்புழுவாக நெளிந்ததாம். டாக்டர் அதைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தாராம்.

"முட்டை ஒட்டிக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. தண்ணியக் கொட்டிட்டுத் தேச்சுக் கழுவுங்கன்னு வீடு வீடாச் சொன்னோம், எல்லாரும் தலையாட்டினாங்க. ஒருத்தரும் கொட்டுறதில்லீங்களா?"

"கொட்டுறதா? சார், கேக்கவே பதறுது."

"திங்கக்கெழம வந்துருங்க. எந்த வீட்ல எப்படி வடிகட்டறாங்கன்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணும்."

அன்றைக்கு என் வீட்டுக்குள் புயலாக வந்தாள். நேரே போனிடம் போய்க் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. யாரிடம் சொல்வது? அங்கே எல்லோரும் இதற்கு எப்போதோ சந்தோஷப்பட்டு முடித்துவிட்டார்கள்.

கையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, எனக்கு வேலை கிடைச்சிருச்சு."

"என்னது?" என்றேன், காது கேட்காதவள் மாதிரி.

"வேலை கிடைச்சிருச்சு ஆன்ட்டி!"

நான் போட்ட கூச்சலில் தெருவில் போன சைக்கிள்காரர் கீழே விழுந்தார். பெரிய கோயில் கோபுரத்துப் புறாவெல்லாம் சிறுமலைக்குப் பறந்துவிட்டன. எனக்கு அது போதவில்லை.

"சரியா விளங்கலைடி. இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.