கிர்ர் என்று ஒரு செக்கன்

1

இந்தக் கதையைக் கேட்பதற்கென்று நான் கந்தப்பளைக்குப் போகவில்லை. சண்டை பிடிக்கப் போனேன். என்னுடைய பழைய பெட்டிக் கமராவின் ஷட்டரைத் துப்புரவாக்கித் தருகிறேன் என்று வாங்கிவைத்த ஜீவராணி, நாலு மாதமாக "அடுத்த கிழமைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனால், தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காரணம் முடிவதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

"பனி போர்த்திய தேயிலை மலைகளின் மடியில்..." வெட்டிவிட்டேன். (போனில் வாசித்துக் காட்டியபோது ஜீவராணி சொன்னது: "பனி போத்துச்சாக்கும்? எங்களுக்குத் துணி காயல, அம்புட்டுதான்.")

"ஒரு பெண்ணும் ஒரு பழைய கமராவும் காலத்தின்..." காலத்தின் என்ன? எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது தடவை எரிச்சலில் எழுதியது: ஜீவராணிக்கு நாற்பத்தொரு வயது. நுவரெலியாவில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை. கணவர் நிரஞ்சன் ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. இதுவே இருக்கட்டும்.

2

பழைய ஸ்டூடியோக்களில் இருந்த பெரிய கமராவில் ஷட்டர் லென்ஸின் நடுவே உட்கார்ந்திருக்கும். உள்ளே வெங்காயத் தோல் கனத்தில் ஐந்து இரும்புத் தகடுகள். திறந்து மூடுவதுதான் அவற்றின் வேலை. சட்டென்று மூடுவது பெரிய காரியமில்லை. மெதுவாக மூடுவதுதான் கஷ்டம். ஒரு செக்கன் என்று வைத்தால் சரியாக ஒரு செக்கன் திறந்திருக்க வேண்டும். அதற்காகவே உள்ளே குட்டிப் பற்சக்கரங்கள் சில "கிர்ர்" என்று ஓடும்.

(இந்தப் பந்தியை நாலு தடவை எழுதிக் கைவிட்டேன். புரியாதவர்கள் "கிர்ர்" என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்தால் போதும்.)

மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றிலிருந்து ஜீவராணி அப்படியொரு கமராவை வாங்கினார். திருத்தினார். எக்ஸ்ரே பிலிமை அளவாக வெட்டிப் போட்டுப் படம் எடுக்கவும் பழகினார். ஏப்ரல் சீசனுக்கு வருகிறவர்களைப் படம் எடுக்க ஹோட்டல் தோட்டத்தில் ஒரு மூலை தரலாம் என்று நுவரெலியா ஹோட்டல் ஒன்றின் மனேஜர் துரைராசா சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் தன்னையும் மனைவி குணபூசணியையும் எடுத்துக் காட்ட வேண்டும் என்றார். போன் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் பதினாலு வருஷம் குனிந்திருந்த ஜீவராணிக்கு அந்த மூலை எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்பதை நான் விளக்கப்போவதில்லை.

ஞாயிறு காலை ஏழு மணி. புல்லெல்லாம் ஈரம். இருவரும் கதிரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஜீவராணி அழுத்தினார். ஷட்டர் திறந்தது. மூடவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் சிரிச்சுக்கொண்டு இருக்கிறது, பிள்ளை?" என்றார் துரைராசா.

"எனக்குக் கன்னம் நோகுது," என்றார் குணபூசணி.

"இதோ சார், ஒரு நிமிஷம் சார்," என்று ஜீவராணி லென்ஸை உள்ளங்கையால் பொத்தினார். படம் பாழ். அடுத்த மாசம் கடைசி ஞாயிறு இன்னொருக்கால் பாப்பம் என்றுவிட்டுத் துரைராசா எழுந்து போனார்.

3

வீட்டுக்கு வந்து ஷட்டரைக் கழற்றினார். தகடுகளையும் சக்கரங்களையும் லைட்டர் பெற்றோலில் கழுவி, காயவைத்துப் பூட்டினார். அடுப்படிச் சூட்டில் மணி மாதிரி ஓடியது. மறுநாள் வேலையால் வந்ததும் பொலித்தீன் பையில் சுற்றிப் பிரிஜ்ஜுக்குள், மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஹோட்டல் தோட்டத்துக் காலைக் குளிரை வேறெங்கே போய்த் தேடுவது? அரை மணி கழித்து எடுத்து அழுத்தினார். திறந்தது. மூடவில்லை.

மறுபடி கழுவினார். அடுப்படியில் ஓடியது. மறுநாள் பிரிஜ்ஜில் நின்றது. மறுபடி கழுவினார்.

[இங்கே "மறுபடி கழுவினார்" என்று ஆறு தடவை எழுதியிருந்தேன், அவர் பட்ட பாடு உங்களுக்கும் தெரியட்டும் என்று. பாவம் பார்த்து நாலை எடுத்துவிட்டேன்.]

எட்டாவது தடவை ஷட்டரின் மூடியைத் திறந்தபோது ஒரு வாசம் மூக்கில் ஏறியது. தெரிந்த வாசம். ஆட்டோவில் துருப்பிடித்த நட்டுக்கு நிரஞ்சன் அடிக்கிற ஸ்பிரே. அது காய்ந்ததும் பிசினாகி, குளிரில் இறுகிவிடும்.

"ஏங்க, இதுல ஸ்பிரே அடிச்சீங்களா?"

நிரஞ்சன் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கொஞ்சூண்டு."

"எப்ப?"

"நீ வேலைக்குப் போனதும். கிர்ருன்னு சத்தம் வருதில்ல? எதுவோ தேயுதுன்னு நெனைச்சேன்."

"எத்தனை தடவை?"

"நீ எத்தனை தடவை கழுவுன?"

4

என் முதற்பிரதியில் நிரஞ்சன் பொறாமைக்காரர். மனைவி ஹோட்டலுக்குப் போய்ப் பேர் எடுப்பது பிடிக்காமல் வேண்டுமென்றே செய்கிறார். இரண்டு பக்கம் கடகடவென்று வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததாலேயே எனக்குச் சந்தேகம். ஜீவராணியிடம் கேட்டேன்.

"அவரு அப்படி இல்லைங்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்படி இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியலைங்க," என்றார்.

(இந்த மாதிரிப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன பாத்திரம் படைப்பது?)

ஆகவே நடந்ததை அப்படியே தருகிறேன். ஜீவராணி கத்தினார். "அந்தச் சத்தம் வரணும்ங்க! வரலன்னாத்தான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்! தொடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

நிரஞ்சன் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

"மூணு மாசமா அந்தச் சாமான காதுல வெச்சு வெச்சுக் கேக்குற. போன மாசம் ஆட்டோ நின்னுபோய் நான் மழையில நனைஞ்சத மூணு தடவ சொன்னேன். எந்த ஊர்லன்னு சொல்லு பாப்போம்."

ஜீவராணி யோசித்தார். "நானுஓயா?"

"ராகலை," என்றார் நிரஞ்சன். ஸ்பிரே டின்னை எடுத்து ஆட்டோவுக்குள் வைத்துவிட்டு, வாசலிலேயே நின்றார்.

ஜீவராணிக்குக் கோபம் அடங்கவில்லை. அதோடு கூச்சமும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் எட்டாவது தடவையாகக் கழுவினார். மறுநாள் பிரிஜ்ஜிலிருந்து எடுத்து அழுத்தினார். கிர்ர். மூடியது.

5

துரைராசா சொன்ன ஞாயிறு நிரஞ்சன்தான் ஆட்டோவில் ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். மூன்று பிலிம் இருந்தது. இரண்டில் துரைராசாவும் குணபூசணியும். ஷட்டர் இரண்டு தடவையும் ஒழுங்காகத் திறந்து, ஓடி, மூடியது. பிறகு படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது, "என்ர மனிசி இவ்வளவு வடிவோ?" என்று துரைராசா கேட்டு, குணபூசணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மூலை கிடைத்துவிட்டது.

ஆனால் மூன்றாவது பிலிம்.

ஆட்டோவில் சாய்ந்து நின்ற நிரஞ்சனைப் பார்த்து ஜீவராணி, "வாங்க, வந்து உக்காருங்க," என்றார்.

"நானா?"

"அசையக்கூடாது. பேசக்கூடாது."

அழுத்தினார். கிர்ர்.

வீட்டில் பிலிமைக் கழுவிப் பார்த்தால், ஜக்கெட்டின் சிப் துலக்கம். கதிரைக் கால் துலக்கம். கண் துலக்கம். வாய் மட்டும் கலங்கியிருந்தது.

"என்னங்க சொன்னீங்க?"

"ஏன், கேக்கலயா?"

"அந்தச் சத்தத்துல எப்படிங்க கேக்கும்?"

"அப்ப விடு," என்று நிரஞ்சன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஹயருக்குப் போய்விட்டார்.

ஜீவராணி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். நிரஞ்சன் சொல்வதாயில்லை. என் ஷட்டர் கிடப்பில் கிடந்ததற்கு இதுதான் காரணமாம்.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

"மன்னிச்சுக்க." (ஜீவராணி: "அந்தச் சொல்லு அவரு வாயில வராதுங்க.")

"போகாத." (இதை வாசித்ததும் ஜீவராணி போனை வைத்துவிட்டார். வெட்டிவிட்டேன்.)

"குளிருது." (இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதற்காகவா நான் இரண்டு பஸ்ஸை விட்டேன்?)

படத்தின் பிரதி என் மேசையில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தாயிற்று. என்னால் முடியவில்லை. நீங்களும் யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்காமல் விட்டவராகத்தான் இருப்பீர்கள். ஆகவே மிச்சத்தை நீங்களே எழுதுங்கள்.

நிரஞ்சன் ஜீவராணியைப் பார்த்து,