சுமாராகக் கிறுக்குவாள்

மெல்பேர்னில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடம், நன்றாகப் படம் வரைகிற பிள்ளைகளை நகரம் முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுக்கிறது என்று கேள்விப்பட்டபோது இரஞ்சிதம் நம்பவில்லை. கணக்குக்குப் பிள்ளை பொறுக்கினால் நியாயம் உண்டு. படத்துக்குமா? ஆனால் பன்னிரண்டு வயது மகள் யோகா அந்தப் பள்ளிக்கூடத்தைச் சொல்லிச் சொல்லியே தாயின் காதைத் தின்றாள். கடைசியில் இரஞ்சிதம் சம்மதித்தாள். அது 1975. யாழ்ப்பாணத்திலிருந்து அவர்கள் வந்து இரண்டு வருஷம்தான்.

நேர்முகத் தேர்வு நாளன்று, வாசலில் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரி தன் மகன் பிறவிக் கலைஞன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். பெற்ற தாயே இப்படிச் சொன்னால் பிள்ளைக்குக் கண்படாதா? வெட்கம் கெட்ட மனிசி என்று இரஞ்சிதம் மனதுக்குள் திட்டினாள்.

உள்ளே சித்திர ஆசிரியை யோகாவின் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வீட்டில் நிறைய வரைவாளா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“சுமாராகக் கிறுக்குவாள்.”

“திறமை இருப்பதாக நினைக்கிறீர்களா?”

“பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்.”

சொல்லிவிட்டு இரஞ்சிதம் காத்திருந்தாள். தாய் இறக்கிச் சொன்னால் எதிரில் இருப்பவர், “சும்மா இருங்கோ, பிள்ளை கெட்டிக்காரி” என்று ஏற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அதுதான் முறை. இந்த மனிசியோ தலையை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டார். பக்கத்தில் யோகா குனிந்தபடி இருந்தாள்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. இடமில்லை. படங்கள் நன்றாக இருந்தாலும், பெற்றோருக்கே நம்பிக்கையில்லாத பிள்ளைக்கு வீட்டில் ஆதரவு கிடைக்காது என்று எழுதியிருந்தார்கள்.

“என்னப்பா சொன்னனீர் அங்க?” என்றார் கணவர் சச்சிதானந்தன்.

“வழமையாச் சொல்லுறதைத்தான் சொன்னனான்.”

இருவரும் கடிதத்தை மாறி மாறி வாசித்தார்கள். இரஞ்சிதத்துக்குத் தலை சுற்றியது. அடக்கமாகப் பேசினால் குற்றமா? இவர்களிடம் எப்படித்தான் பேசித் தொலைப்பது?

மறுநாள் காலை வெட்கத்தை விட்டுத் தொலைபேசியை எடுத்தாள். “என் மகள் மிக நன்றாக வரைவாள். அவளைப் போல வரைகிற பிள்ளையை நான் கண்டதில்லை” என்று ஆசிரியையிடம் சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. ஒரு பிள்ளை விலகிவிட்டதாகவும், அந்த இடத்துக்கு யோகாவையும் பார்க்கலாம் என்றும், படங்களை நாளைக்கே கொண்டுவரும்படியும் ஆசிரியை சொன்னார். இரஞ்சிதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பினால் குசினி வாசலில் யோகா நின்றாள்.

“கேட்டனியே பிள்ளை? திரும்பப் பார்க்கினமாம். உன்ர படமெல்லாத்தையும் எடு.”

“இல்லை அம்மா. எரிச்சுப்போட்டன்.”

பின்வளவில் குப்பை எரிக்கிற செங்கல் அடுப்பை இரஞ்சிதம் யன்னலால் பார்த்தாள். “என்னடி சொல்லுறாய்? எப்ப?”

“இன்ரர்வியூ முடிஞ்சு வந்த அண்டைக்கே. நீங்கள்தானே கிறுக்கல் எண்டு சொன்னீங்கள்.”

“அது சும்மா சொன்னது பிள்ளை. நீ நல்லா வரைவாய். அம்மாவுக்குத் தெரியாதோ?”

யோகா தாயின் முகத்தையே பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டாள்.

“அண்டைக்குச் சொன்னது பொய்யோ, இப்ப சொல்லுறது பொய்யோ?”

இரண்டும் உனக்காகச் சொன்னதுதான் என்று இரஞ்சிதம் சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னாலும் பிள்ளை நம்புவாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.